திட்டுக்குப் பத்தடி முன்னால்

போன மாதம் ஒரு கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஆவணப்படம் எடுக்கப் படிக்கிற பிள்ளைகள். எனக்கு ஒரு பொன்னாடை, மேஜையில் ஒரு தட்டு முந்திரி, பின்னால் திரை முழுக்க நான் எடுத்த திமிங்கிலம் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம். பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள். "சார், நீங்க எடுத்ததுலயே பெஸ்ட் ஷாட் எது?" நான் திரும்பித் திமிங்கிலத்தைக் காட்டினேன். கைதட்டினார்கள். முந்திரியைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அது பொய். அந்தத் திமிங்கிலம் தானாக வந்தது, தானாக வாலைத் தூக்கியது. நான் அப்போது படகின் மறுபக்கம் தலையைத் தொங்கப்போட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். வாந்திக்கு முன்னால் கேமராவை ஓடவிட்டுப் போனேன் என்பதுதான் அதில் என் திறமை. அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான். லென்ஸ், வெளிச்சம் பற்றியெல்லாம் ஒன்றும் சொல்ல மாட்டேன். அதெல்லாம் உங்கள் போனுக்கே தெரிந்திருக்கிறது.

முப்பது வருடம் தீவுகளைப் படம் எடுத்தேன். 'உலகத்தின் கடைசித் தீவு' என்று மட்டும் ஏழு படம். ஏழும் ஏழு வேறு கடலில். "மனிதக் காலடி படாத மணல்" என்று படத்தில் ஒரு கனத்த குரல் சொல்லும்போது, கேமராவுக்குப் பின்னால் அந்த மணலில் பதினோரு பேர், ஒரு ஜெனரேட்டர், இரண்டு சமையல் அடுப்பு. ஒரு தீவில், மீன் பிடிக்கிறவரிடம் போனை மறைத்து வைத்துவிட்டு ஓலை உடுத்திக்கொண்டு வரச் சொன்னோம். அவர் மொழிபெயர்ப்பாளரிடம் பொறுமையாகக் கேட்டார்: "எங்க அப்பாவே பேன்ட்தான் போட்டார். தாத்தா மாதிரி வேணுமா, தாத்தாவோட தாத்தா மாதிரி வேணுமா?" எங்கள் டைரக்டருக்குத் தாத்தாவோட தாத்தாதான் வேண்டியிருந்தது. அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். 'உள்ளது உள்ளபடி' என்று பாராட்டு வாங்கியது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஒளிப்பதிவாளர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். அவரோடு போன முதல் தீவில் ஆமைக் குஞ்சுகள் முட்டையை விட்டு வெளியே வந்து கடலை நோக்கி ஓடுவதை எடுத்தோம். ஒரு நண்டு ஒரு குஞ்சைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. நான் கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "அது நம்ம வேலை இல்லை. கையைக் கட்டிக்கொள்." அவ்வளவுதான் பாடம். அந்த அடியை நான் முப்பது வருடம் மறக்கவில்லை. பசியில் சாகிற குட்டி, முதலை வாய்க்குள் போகிற மான் என்று எதைப் பார்த்தாலும் கையைக் கட்டிக்கொண்டேன். கேட்டவர்களிடம், "இயற்கையில் நாங்கள் தலையிட மாட்டோம்" என்பேன். சொல்வதற்கு நன்றாக இருக்கும். உங்களுக்கும் இந்நேரம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

அதே கடற்கரையில் இன்னொன்றையும் அவர் செய்தார், அது எனக்கு வசதியாக மறந்துபோயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முன்னால் நான் எடுத்த கடைசித் தொடர்கூடத் தீவுகளைப் பற்றியதுதான். அதில் கடைசித் தீவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. பருவமும் முடிந்துவிட்டது. ஒரு பாகம் குறைகிறது. டைரக்டர் மும்பைக்காரர், கெட்டிக்காரர், பூமியில் எல்லா இடமும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நம்புகிறவர். "காரில் போகிற தூரத்தில் ஒரு தீவு கிடைக்காதா?" என்று கேட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்கள் ஊர்ப் பக்கம் ஒன்று இருக்கிறது" என்றேன்.

எனக்குச் சொந்த ஊர் உத்திரமேரூர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு ஏரி. நடுவில் ஒரு மண் திட்டு, அதில் நூறு கருவேல மரம், அதில் ஆயிரக்கணக்கில் நாரை, வக்கா, கரண்டிவாயன் என்று நீர்ப்பறவைகள். பங்குனி வரைக்கும் குஞ்சுகள் இருக்கும். ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ட்ரோனோடு போய் நிற்பீர்கள், உங்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

அந்த ஏரியில் மதகு திறந்து மூடுகிறவர் ஏகாம்பரம். மதகுக்குக் கீழே அவருக்கே முக்கால் ஏக்கர் இருக்கிறது. முதல் நாள் அவர்தான் கரையில் நின்று எங்களுக்கு விஷயத்தைச் சொன்னார்.

"தோ, அந்தக் கல்லு தெரியுதா சார்? தண்ணிக்கு மேல ஒரு சாண் கீது பாருங்க, அது இல்ல, அதுக்கு அண்ட சின்னதா ஒண்ணு முழுவிக் கெடக்குது. அதோட தலை தெரிஞ்சிச்சினா மதவ மூடிடணும். பயிரு கருகுனாலும் தெறக்கக் கூடாது. குஞ்சுங்க பறந்தப்பறம்தான்."

"ஏன் அப்படி?"

"அதுக்குக் கீழ தண்ணி போச்சினா நாயி திட்டுக்குப் பூடும் சார். இப்போ போகாது. நாயி நீஞ்சும், ஆனா இம்மாந்தூரம் நீஞ்சாது, சேறு காலப் புடிச்சி இழுத்துடும். இதுங்க எச்சம் கலந்த தண்ணிதானே நம்ம பயிருக்கு எருவு. வருசம் பூரா அது நமக்குப் போடுது, ஒரு மாசம் நாம அதுக்குத் தண்ணி உடக் கூடாதா?"

டைரக்டருக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. கண் கலங்குவது அவருக்குக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை நடக்கிற விஷயம். ஏகாம்பரம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "திட்டுல மட்டும் கால் வைக்காதீங்க சார். இங்கேர்ந்து எத்தினி போட்டோ வோணுமோ புடிச்சிக்கோங்க." நான் வாக்குக் கொடுத்தேன்.

மூன்று நாள் கரையிலிருந்து எடுத்தோம். ஏழு மணிக்கெல்லாம் வெயில் ஏறி, தண்ணீர் மேல் கானல் ஆடி, நாரைகள் எல்லாம் கொதிக்கிற ரசத்தில் மிதப்பது போலத் தெரிந்தன. "இதை நான் எங்கே காட்ட முடியும்?" என்றார் டைரக்டர். அப்போதுதான் என் முப்பது வருட அனுபவம் வேலை செய்தது. பவளப்பாறைத் தீவுகளில் நாங்கள் செய்கிற வேலை அது. சாக்கில் மண்ணைக் கட்டி, வரிசையாகத் தண்ணீரில் இறக்கி, மேலே நடந்து போவது. இங்கே ஏரி வண்டலே இருக்கிறது. யூரியாச் சாக்குக்கும் பஞ்சமில்லை. கரையிலிருந்து திட்டை நோக்கி மூட்டை அடுக்கச் சொன்னேன். முனையில் பச்சைத் துணியால் ஒரு மறைவுக் கூடாரம்.

திட்டுக்குப் பத்தடி இருக்கும்போது நிறுத்திவிட்டேன். திட்டில் கால் வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் அல்லவா? நான் வாக்குத் தவறாதவன்.

மூட்டை சுமக்க ஊரில் நான்கு பேரைக் கூலிக்கு வைத்தோம். அதில் ஒருத்தி தனம். நாற்பது வயதிருக்கும். சொந்த நிலம் இல்லை. நடவு, களை, அறுப்பு என்று மற்றவர் நிலத்தில்தான் பிழைப்பு. தலையில் மூட்டையோடு சேற்றில் நடந்து வந்தவள், நான் நிறுத்தச் சொன்ன இடத்தில் மூட்டையை இறக்கிவிட்டு, திரும்பிக் கரையைப் பார்த்தாள், பிறகு திட்டைப் பார்த்தாள்.

"சார், இது மேல நாயி வராதா?"

"நாங்க இருக்கோம் இல்ல, வராது" என்றேன்.

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். இந்தத் தொழிலில் நமக்குக் கிடைக்கிற பெரிய வசதி அதுதான். சாயந்திரம் ஏகாம்பரம் வந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, ரோடு போட்டு வச்சிகீறீங்க?"

"திட்டுல கால் வைக்கலை பாருங்க, பத்தடி விட்டிருக்கேன்."

"நீங்க வைக்கல சார்" என்று சொல்லிவிட்டு, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு மதகுப் பக்கம் போய்விட்டார். அந்த வாக்கியத்தில் ஒரு எச்சரிக்கை இருந்தது. எனக்கு அது கேட்கவில்லை, நான் மறுநாள் வெளிச்சத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சாப்பாட்டு வேன் கரையிலேயே நின்றது. பதினோரு பேருக்கு மதியம் பிரியாணி. காலையில் நாஷ்டா. எலும்பெல்லாம் எங்கே போகும்? இரண்டே நாளில் எங்கிருந்தோ ஐந்து நாய்கள் வந்து குடும்பத்தோடு தங்கிவிட்டன. நல்ல சுபாவம். சவுண்டு எடுக்கிறவர் அதில் ஒன்றுக்குப் பெயர்கூட வைத்தார்.

மூட்டை அடுக்கிய நான்காம் நாள் அந்தச் சின்னக் கல்லின் தலை தெரிந்தது. ஏகாம்பரம் மதகை மூடினார். மதகுக்குக் கீழே எல்லார் பயிரும் பால் பிடிக்கிற நேரம். இன்னும் ஒரே ஒரு தண்ணீர் பாய்ச்சினால் கதிர் நிறைந்துவிடும், பாய்ச்சாவிட்டால் பாதி பதர். கரையில் பத்துப் பதினைந்து பேர் கூடிச் சத்தம் போட்டார்கள். ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வருசா வருசம் இதே பேஜாரு" என்றார். ஆனால் யாரும் மதகைத் திற என்று சொல்லவில்லை. தனமும் அங்கே நின்றாள். நெல் குறைந்தால் அறுப்பு நாளும் குறையும், அவளுக்குக் கூலியாக வருகிற நெல்லும் குறையும். அவளும் திற என்று சொல்லவில்லை. இதையெல்லாம் நான் எடுத்தேன். அழகான முகங்கள், பக்கவாட்டு வெளிச்சம்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் நான் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். சூரியன் அப்போதுதான் வந்திருந்தது. அதுபோன்ற வெளிச்சம் வருடத்தில் நாலு நாள்தான் கிடைக்கும். திட்டின் ஓரத்தில், இடுப்பு உயரக் கிளையில், ஒரு வக்காக் கூட்டில் மூன்று குஞ்சு. மூன்றும் இறக்கையை விரித்து விரித்துப் பழகிக்கொண்டிருந்தன. முதல் பறத்தல் அன்றைக்கு வரும் என்று எனக்குத் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் மூட்டைமேல் சத்தம் கேட்டது. இரண்டு நாய். முன்னால் வந்தது பெயர் வைத்த நாய். கூடாரத்தைத் தாண்டும்போது என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. எங்கள் பிரியாணியில் வளர்ந்த பிள்ளை அல்லவா, மரியாதை தெரியும். பிறகு தண்ணீரில் இறங்கிப் பத்தடியை நீந்திக் கடந்தது.

நான் கையை நீட்டியிருந்தால் அதன் கழுத்தைப் பிடித்திருக்கலாம். அவ்வளவு பக்கத்தில் போனது. ஒரு அதட்டல் போட்டிருந்தாலே திரும்பியிருக்கும், பழகிய நாய். ஆனால் கரையில் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த டைரக்டர் வாக்கிடாக்கியில் கிசுகிசுத்தார்: "நிறுத்தாதே. ஓடவிடு. நாம் தலையிடுவதில்லை." எனக்கு மணிக்கட்டில் வாங்கிய அடி நினைவுக்கு வந்தது. என் விரல் போகஸ் வளையத்தில் இருந்தது. நாயைத் தொடர்ந்தேன். பஞ்சு மாதிரி மென்மையாகத் தொடர்ந்தேன், அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

திட்டு முழுக்க ஒரே சமயத்தில் எழும்பியது. ஆயிரக்கணக்கான இறக்கை. தாய்ப் பறவைகள் எழும்பிய அடுத்த நிமிடமே காக்கைகள் இறங்கின. கிளைகள் ஆடிய ஆட்டத்தில் குஞ்சுகள் பொத்துப் பொத்தென்று கீழே விழுந்தன. அப்போது கரையில் ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த தனம், அரிவாளைப் போட்டுவிட்டு, அதே மூட்டைகள் மேல் ஓடி வந்தாள்.

நான் கத்தினேன். இத்தனை நேரம் நாயைப் பார்த்துக் கத்தாதவன் அவளைப் பார்த்துக் கத்தினேன். "ஏய்! ஃபிரேம்ல வராதே! உட்காரு! உட்காரு!"

அவள் உட்காரவில்லை. என் லென்சுக்கு நேர் முன்னால் வந்து நின்று புடவையைத் தூக்கிச் செருகினாள். பத்து விநாடி இருக்கும், திரை முழுக்க அவள் முதுகுதான். பிறகு தண்ணீரில் குதித்து, மார்பளவு தண்ணீரில் சேற்றை மிதித்து நடந்து, கையால் தண்ணீரை அறைந்து அறைந்து நாய்களை விரட்டினாள். ஒன்று வாயில் குஞ்சோடு அவளைத் தாண்டி நீந்தி வந்தது. மூட்டைமேல் ஏறி, என் பக்கத்தில் நின்று உடம்பை உதறிவிட்டுப் போனது.

அவள் திரும்பி வந்தபோது புடவையெல்லாம் சேறு. கையில் முள் கிழித்து ரத்தம். என் முன்னால் நின்றாள்.

"நாங்க கீறோம்னு சொன்னீங்களே சார்."

நான் சொன்னேன், இன்றைக்கும் எழுதக் கூசுகிறது: "அது இயற்கைம்மா. நாங்க அதுல தலையிடக் கூடாது."

அவள் காலுக்குக் கீழே இருந்த மூட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இது யாரு சார் போட்டது? இயற்கையா?" என்று கேட்கவில்லை. நீங்கள் படம் எடுத்தால் அப்படி ஒரு வசனம் வைப்பீர்கள். அவள், "மூட்டைய நாந்தானே சார் தூக்கியாந்தேன்" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கே அவளும் ஏகாம்பரமும் இறங்கி நடுவிலிருந்து எட்டு மூட்டையை இழுத்துப் போட்டு வழியை அறுத்தார்கள். அவர் கதிர் காய்ந்துகொண்டிருந்தது, எந்தக் குஞ்சுகளுக்காகக் காயவிட்டாரோ அதில் ஒரு பங்கு நாய் வயிற்றில்.

அன்று மாலைதான் எனக்கு அந்த ஆமைக் கடற்கரை முழுசாக நினைவுக்கு வந்தது. என் ஆசான் அங்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு நேராக மணலில் நடக்கவில்லை. பாறை ஓரமாக ஒரு மணி நேரம் சுற்றி வந்தார். என்னையும் சுற்ற வைத்தார். நான் முனகினேன். "மணலில் நடந்தால் நம் காலடிப் பள்ளத்தில் குஞ்சு விழுந்துவிடும், ஏற முடியாது" என்றார். அவர் கையைக் கட்டிக்கொண்டதற்கு அர்த்தம் இருந்தது, மணலில் காலே வைக்காத மனிதர் அவர். நான் காலுக்குப் பாதை போட்டுவிட்டுக் கையை மட்டும் கட்டிக்கொண்டேன். புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றுதான். 'தலையிட மாட்டோம்' என்று வாயில் வரும்போதெல்லாம் குனிந்து, எதன்மேல் நிற்கிறீர்கள் என்று ஒரு முறை பாருங்கள்.

படம் அருமையாக வந்தது. எனக்கு ஒரு பரிசுகூட வந்தது, ஷோகேசில் இருக்கிறது, வெண்கலப் பறவை. நாய் நீந்துகிற காட்சிக்குக் கனத்த குரல், 'இயற்கையின் இரக்கமற்ற விதி' என்றது. மூட்டைகள் ஃபிரேமுக்குக் கீழே வெட்டுப்பட்டன. தனத்தின் முதுகை டைரக்டர் வெட்டி எறிந்துவிட்டார். அந்தப் பத்து விநாடியை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறு வருடம் ஓய்வு பெற்று உத்திரமேரூருக்கே வந்துவிட்டேன். ஏரிக்கரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படத்தைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். காட்டினேன். ஏகாம்பரம் கடைசியில் சுவரில் சாய்ந்து நின்றார். தனம் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாய் வரும் காட்சியில் அவள் புடவை முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். தன்னை வெட்டிவிட்டதற்குக் கோபப்படுவாள், நாலு பேர் முன்னால் கேட்பாள் என்று நான் தயாராக இருந்தேன். பதில்கூட யோசித்து வைத்திருந்தேன்.

படம் முடிந்து எல்லோரும் கிளம்பியபின் என்னிடம் வந்தாள்.

"ரொம்ப நன்றி சார்."

"எதுக்கும்மா?"

"மூட்டை தூக்குனத காட்டாம உட்டீங்களே. ஒரு வருசமா அதே பயம் சார் எனக்கு. நாய்க்கு வழி போட்டது நாந்தான்னு ஊரெல்லாம் பாத்துடுமேன்னு. சோறே எறங்கல. நல்ல மனசு சார் உங்களுக்கு."

கும்பிட்டுவிட்டுப் போனாள். ஏகாம்பரம் சுவரிலிருந்து நகர்ந்து, என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அவளுக்குப் பின்னால் போனார். நான் புரொஜெக்டர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மூட்டை போடச் சொன்னது நான், நாய்க்குச் சோறு போட்டது நாங்கள், அவள் ஒருத்திதான் விரட்டினாள். மூன்றே விஷயம். கூப்பிட்டு நிறுத்திச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது. சொல்லவில்லை. முப்பது வருடப் பழக்கம், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

நான் எடுத்ததிலேயே பெஸ்ட் ஷாட் அந்தப் பத்து விநாடிதான். போகஸ் இல்லை. போகஸ் அவளுக்குப் பின்னால் நாயின்மேல் இருக்கிறது. அவள் வெறும் ஒரு மங்கலான சிவப்புப் புடவை.

நாளைக் காலை அதை ஒரு லேப்டாப்பில் போட்டுக்கொண்டு அந்த ஊருக்குப் போகிறேன். தனத்திடம் காட்ட வேண்டும், கூட ஏகாம்பரமும் இருக்க வேண்டும், முடிந்தால் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்த அத்தனை பேரும். மேலே எழுதிய அந்த மூன்று விஷயத்தையும் அவர்கள் முன்னால் வாயால் சொல்ல வேண்டும். இந்த வருடமும் கல்லின் தலை தெரிந்துவிட்டதாம், மதகை மூடியிருக்கிறார்கள். நான் போட்ட மூட்டையில் மிச்சம் இன்னும் ஏரியில்தான் கிடக்கிறது. குஞ்சுகள் பறந்தபிறகு இறங்கி எடுப்பேன். அதுவரை கரையில் உட்கார்ந்திருப்பேன்.